மழை இல்லாத இடி

அடி அண்ணாமலை
9.5.2025

எழிலுக்கு,

'அன்புள்ள தம்பிக்கு'னு ஆரம்பிச்சு அடிச்சுட்டேன். அடிச்ச இடம் உனக்குத் தெரியணும்னுதான் வேற தாள் எடுக்கல.

போன் பண்ணாத. உன் நம்பரைத் தடுத்து வெச்சிருக்கேன். போன்ல பேசினா நீ அழுவ, நான் எறங்கிப் போயிடுவேன். சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான் நடந்துக்கினு வருது. இனிமே எதுவா இருந்தாலும் எழுது. எழுத்துல இருந்தா நாளைக்கு நீயும் இல்லைனு சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது.

ஏப்ரல் இருபத்தொன்பது, செவ்வாக்கிழமை சாயங்காலம் மலைல தீ புடிச்சுது. நம்ம ஊர்ப் பக்கத்துச் சரிவு முழுக்க எரிஞ்சு புதன்கிழமை பொழுது சாயறப்பதான் அடங்குச்சு. உன் மலைப்பசுமைக் குழுவுல வேலை செஞ்ச அறிவுச்செல்வன் தீ அணைக்க ஏறிப்போயி, வெந்து, வியாழக்கிழமை ஆஸ்பத்திரில செத்துட்டான். வெள்ளிக்கிழமை காலைல எங்க வீட்டுக்கு போலீஸ் ஜீப் வந்துது. என் வீட்டுக்காரரு கூழ் குடிச்சுக்கினு இருந்தாரு. கைய கழுவக்கூட விடல. மலைல தீ வெச்சது பலராமன்தான்னு சாட்சி இருக்குதுனு சொன்னாங்க. யாரு சாட்சினு கேட்டேன். உன் பேரைச் சொன்னாங்க.

நான் சிரிச்சேன் எழில். அவங்க முன்னாடி நின்னு சிரிச்சேன். 'அவன் என் கூடப் பொறந்தவன் சார், வேற யாரோ எழிலா இருக்கும்'னேன்.

தென்றல் கதவோரமா நின்னு எல்லாத்தையும் பாத்துச்சு. பதிமூணு வயசு பொண்ணு. 'எழில் மாமாவா சொல்லிச்சு?'னு ஒரே ஒரு தடவை கேட்டுது. அதுக்கப்பறம் உன் பேரை எடுக்கல.

நீ அன்னைக்கே கீழ்பென்னாத்தூருக்கு, உன் மாமியார் வீட்டுக்குப் போயிட்ட. என் மூஞ்சியப் பாக்க முடியாமதானே போன?

பத்தாவது பரீட்சைக்கு உனக்கு அம்மை போட்டிருந்தப்ப, ஆட்டோக்காரன் எவனும் ஏத்த மாட்டேன்னான். பன்னண்டு நாள் உன்னை சைக்கிள்ல வெச்சு டவுனுக்குத் தள்ளிக்கினு போனது யாருனு மட்டும் யோசிச்சுப் பாரு. யோசிச்சுட்டு பதில் எழுது.

திரௌபதி

*

கீழ்பென்னாத்தூர்
14.5.2025

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சினேகா கையில்தான் முதலில் கிடைத்தது, அவள் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. குழந்தைக்குப் பால் கொடுக்கிறவள். அதையும் நீ யோசித்திருக்கலாம்.

நான் ஓடி ஒளியவில்லை. மூன்று மாதக் குழந்தை இங்கே இருக்கிறது, வந்தேன்.

நான் பார்த்ததைத்தான் சொன்னேன். நாலரை மணி இருக்கும். புகை தெரிந்ததும் குழுவைக் கூட்டிக்கொண்டு அடிவாரத்துக்கு ஓடினேன். மாமா மேலேயிருந்து தலைதெறிக்க வந்தார். நான் அவர் எதிரில் நின்று, "மேல யாரு மாமா இருக்காங்க? எப்படிப் புடிச்சுது?" என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைத் தள்ளிவிட்டுப் போய்விட்டார். தப்பு செய்யாதவன் பதில் சொல்லாமல் ஏன் ஓட வேண்டும்? மடியில் பீடிக்கட்டும் தீப்பெட்டியும் இருந்தது. அதையும் நான் கண்டுபிடிக்கவில்லை, பிடித்தவர்கள் எடுத்தார்கள்.

கோடையில் காய்ந்த புல்லைக் கொளுத்தினால் புதுத் துளிர் வரும், ஆட்டுக்கு ஆகும் என்று ஆடு மேய்க்கிறவர்கள் தீ வைப்பது உனக்குத் தெரியாததா? மார்ச்சில் அவருடைய ஆடுகள் நாங்கள் நட்ட கன்றுகளை மேய்ந்தபோது நான் பிடித்துக் கட்டினேன். அப்போது பத்துப் பேர் நடுவில் என்ன சொன்னார்? "உன் மரம் எத்தினி நாளைக்கு நிக்குதுனு பாக்கறேன்டா" என்றார். நான் மறைத்திருக்க வேண்டுமா?

பதினோரு வருடம் அக்கா. அந்தச் சரிவில் ஒவ்வொரு கன்றுக்கும் குடத்தில் தண்ணீர் சுமந்திருக்கிறேன். அது போகட்டும். அறிவுச்செல்வனைத் தூக்கி வந்தது நான். அவன் தோல் என் சட்டையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கல்யாணமாகி ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. அவன் மனைவி வள்ளிக்கு நான் பதில் சொல்ல வேண்டுமா, உனக்கா?

நீ பெண்டாட்டியாகப் பேசுகிறாய். அதில் தப்பில்லை. என்னைத் தம்பியாகப் பேசச் சொல்லாதே.

எழில்

*

அடி அண்ணாமலை
20.5.2025

எழிலுக்கு,

பரவால்ல, நல்ல தமிழ்ல எழுதியிருக்க. ஆபீசுக்கு எழுதற மாதிரி.

நேத்து மனு போட்டு ஜெயில்ல அவரைப் பாத்தேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் முதுகு காட்டி நின்னுக்கினு இருந்தாரு. கூப்பிட்டேன். திரும்பல. மறுபடியும் கூப்பிட்டேன். என் மேல கோபமா, உன்னைப் பெத்த குடும்பத்துக்காரினு வெறுத்துட்டாரானு நெனச்சேன். பக்கத்துல இருந்த கைதி தோளைத் தட்டி என்னைக் காட்டினப்பறம்தான் திரும்பினாரு. இடது காதுல ரத்தம் காஞ்சு கறுத்துப் போயிருக்குது. அந்தக் காது சுத்தமா கேக்கல. வலது காதுல கத்திச் சொன்னா கொஞ்சம் ஏறுது.

அடிச்சாங்களானு கேட்டேன். இல்லைனாரு. ஜெயில் டாக்டரும் பாத்துட்டு, இது அடி இல்ல, பெரிய சத்தத்துல ஜவ்வு கிழிஞ்சிருக்குதுனு எழுதி வெச்சிருக்காராம்.

நான் கத்திக் கேட்டேன், அவரு கத்திச் சொன்னாரு. அங்க இருந்த எல்லாரும் கேட்டாங்க. அவரு சொன்னதை அப்படியே எழுதறேன்.

"மலைக்கு அந்தாண்ட கறுத்துக்கினு வந்துது. மழை வரும்னு பாத்தேன், ஒரு சொட்டு விழல. ஆடுங்க ஒதுங்கிச்சு. நான் சுனைல தண்ணி குடிக்கக் குனிஞ்சேன். வெள்ளையா ஒண்ணு வந்துது திரௌபதி. அவ்ளோதான் தெரியும். எழுந்து பாக்கறேன், ஏழு ஆடு கெடக்குது. மத்தது எங்க ஓடுச்சுனு தெரியல. ஒண்ணும் கத்தல. கத்தலியா, எனக்குத்தான் கேக்கலியானு புரியல. புல்லு எரிய ஆரம்பிச்சுடுச்சு. ஓடியாந்தேன். எழில் எதுத்தாப்புல நின்னு வாயை வாயை அசைச்சான். என்னா சொல்றான்னே தெரியல."

இடி எழில். மழை இல்லாத இடி. டவுன் பக்கம் எல்லாரும் கல்யாண மண்டபத்துல வெடி போட்டாங்கனு நெனச்சுக்கினாங்களே, அந்தச் சத்தம்.

தப்பு செய்யாதவன் ஏன் பதில் சொல்லலைனு கேட்டிருந்த. செவிடன் எப்படிடா பதில் சொல்லுவான்?

உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். தீ அடங்கினப்பறம் வியாழக்கிழமை காலைல முதல்ல மேல ஏறினது நீ. செத்த ஆட்டைக் குழி தோண்டிப் பொதைக்கச் சொன்னதும் நீ. தீயில மாட்டின ஆடு திசைக்கு ஒண்ணா ஓடி விழுந்து கெடக்கும். அந்த ஏழும் எப்படிக் கெடந்துது? இதுக்கு மட்டும் பதில் எழுது.

திரௌபதி

*

கீழ்பென்னாத்தூர்
26.5.2025

அக்காவுக்கு,

ஆடுகளைப் புதைத்தது நாற்றத்துக்காக. மூன்றாம் நாள், அந்த வெயிலில், வேறென்ன செய்வார்கள்? எப்படிக் கிடந்தன என்று பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு நேரமில்லை. அறிவுச்செல்வன் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தான்.

மாமாவுக்குக் காது கேட்கவில்லை என்றால் வருத்தம்தான். ஆனால் காது எதனால் போனது என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? அன்றைக்கு ஊரில் ஒரு துளி மழை இல்லை. யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தீயில் வெடித்த ஆச்சா மரத்தைக் காட்டி இடி என்று கதை கட்டச் சொல்லி உன் வக்கீல் சொல்லிக் கொடுத்திருப்பார். தீயில் மரம் வெடிப்பது சாதாரணம். பதினோரு வருடமாகப் பார்க்கிறேன்.

இனிமேல் எழுதாதே. எழுதினாலும் பிரிக்கமாட்டேன். குழந்தைக்குக் காய்ச்சல். சினேகா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. எல்லாரும் சேர்ந்து என்னையே குற்றவாளி ஆக்குங்கள்.

எழில்

*

அடி அண்ணாமலை
31.5.2025

எழிலுக்கு,

பிரிக்க மாட்டேன்னு எழுதியிருந்த. பிரிச்சுட்டதானே.

ஆச்சா மரம்னு உனக்கு யாரு சொன்னாங்க?

என் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படி. இடினு எழுதினேன். சுனைனு எழுதினேன். ஆடு ஒதுங்கிச்சுனு எழுதினேன். மரத்தைப் பத்தி ஒரு எழுத்து இருக்குதா? அவரு என்கிட்ட ஆச்சா மரத்தடினுதான் சொன்னாரு. நான் வேணும்னுதான் எழுதாம விட்டேன். நீ தெரியாத மாதிரி இருக்கறியா, தெரிஞ்சுக்கினு இருக்கறியானு பாக்கணும்னு தோணுச்சு. பாத்துட்டேன்.

முந்தாநாள் வியாழக்கிழமை விடிகாலைல நானே மலை ஏறினேன். யாரும் ஏறக்கூடாதுனு சொல்லியிருக்காங்க, தெரியும். புடிச்சா புடிக்கட்டும்னு போனேன். கால் வெச்ச எடமெல்லாம் சாம்பல், முழங்கால் வரைக்கும் கறுப்பாயிடுச்சு. ஆச்சா மரம் நிக்குது. உச்சிலேர்ந்து வேர் வரைக்கும் ஒரே கோடா பட்டை உரிஞ்சு, உள்ள வெள்ளையா தெரியுது. பட்டைத் துண்டு பத்தடி தள்ளி, எரியாத பாறை மேல விழுந்து கெடக்குது. தீ கீழேர்ந்து மேல ஏறும். இந்த மரம் மேலேர்ந்து கீழ கிழிஞ்சிருக்குது. எட்டாவது படிச்சவளுக்கே தெரியுது, உனக்குத் தெரியலியா? மரத்தடியிலயே, சுத்தி, நீங்க தோண்டின குழி. அவ்ளோ கிட்ட ஏன் தோண்டினீங்க? ஆடு அங்கயே கெடந்துது, அதான். ஓடல. ஓட நேரமில்ல.

எறங்கறப்ப இன்னொண்ணும் பாத்தேன்.

ஃபயர் லைன்.

ரெண்டு கோடைக்கு அந்தக் கோட்டை வெட்டினவ நான். உன் குழுவுல கூலிக்கு வந்தவதானே. எட்டடி அகலத்துக்குப் புல்லை அடியோட செதுக்கி, வெறும் மண்ணு தெரியற மாதிரி வெக்கணும். அப்பதான் தீ அங்க வந்து நிக்கும். சுனைக்குக் கீழ, பாறை மடிப்புலேர்ந்து ஓடை வரைக்கும் அந்தக் கோட்டுல புல்லுக் கட்டை எரிஞ்சு நிக்குது. இடுப்பு உயரத்துக்குப் புல்லு இருந்தாதான் அந்த மாதிரி கட்டை நிக்கும். இந்த வருஷம் அங்க யாரும் அருவாளே வெக்கல. அறிவுச்செல்வன் வெந்ததும் அந்த எடத்துலதான்னு ஊரே சொல்லுது.

ரெண்டாவது தடவையும் ஜாமீன் இல்லைனுட்டாங்க.

போன வாரம் குழாயடில வள்ளி என் குடத்தைத் தூக்கிக் கவுத்துட்டா. 'உன் புருஷன் கொளுத்துவான், நீ தண்ணி புடிப்பியா?'னா. அவ எடத்துல நான் இருந்திருந்தா குடத்தோட விட்டிருக்க மாட்டேன். இப்ப நான் பாத்ததை நேரா அவகிட்ட போய்ச் சொல்லலாம். சொல்லட்டுமா?

திரௌபதி

*

கீழ்பென்னாத்தூர்
7.6.2025

அக்கா,

சொல்லாதே.

ஆமாம். வெட்டவில்லை. உனக்கு இதுதானே வேண்டும்? எழுதிவிட்டேன், வைத்துக்கொள்.

பிப்ரவரியில் சினேகாவுக்குப் பிரசவம் சிக்கலாகிப் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது உனக்குத் தெரியும். நீதான் இட்லி கட்டிக்கொண்டு வந்தாய். கோடு வெட்டுகிற நாட்கள் அவை. திரும்பி வந்தபோது மற்றப் பக்கமெல்லாம் பையன்கள் முடித்திருந்தார்கள். சுனைக்குக் கீழே இருக்கும் அந்தத் துண்டு மட்டும் பாக்கி. அது கஷ்டமான இடம், நான் கூட இருந்தால்தான் இறங்குவார்கள். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்து, குழு ஆபீசில் முடிந்துவிட்டது என்று சொன்னேன். அடுத்த வாரம் குழந்தைக்கு மஞ்சள் காமாலை. அப்புறம் வெயில். அப்புறம் சித்ரா பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதை வேலை. தள்ளிக்கொண்டே போனேன். ஒரு நாள் வேலை அக்கா. ஒரே ஒரு நாள்.

ஆடுகளைப் பார்த்தேன். மரத்தைச் சுற்றி, ஒன்றின் மேல் ஒன்று தலை வைத்துக் கிடந்தன. மரத்தையும் பார்த்தேன். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. தெரிந்ததும் எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? இடி என்றால் யாரும் குற்றவாளி இல்லை. அப்படியென்றால் தீ ஏன் கோட்டில் நிற்கவில்லை என்றுதான் அடுத்துக் கேட்பார்கள். சீக்கிரம் தோண்டுங்கள் என்றேன்.

மத்தியானம் அறிவுச்செல்வன் போய்விட்டான். ஆஸ்பத்திரி நடையில் வள்ளி என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "யாரு வெச்சாங்க அண்ணா? யாரு வெச்சாங்க?" என்று அதையே கேட்டாள். சுற்றி ஐம்பது பேர். நான் வாயைத் திறந்தேன், மாமா பேர் வந்தது. சத்தியமாக நான் யோசித்து வைத்திருக்கவில்லை. சொன்ன பிறகு எல்லாரும் ஆமாம் ஆமாம், அன்றைக்கே சவால் விட்டானே என்றார்கள். நான் அழித்தாலும் அழியாது என்று ஆகிவிட்டது.

நீ நல்லவள் மாதிரி எழுதுகிறாய். மார்ச்சில் உன் ஆடுகள் என் கன்றுகளைக் கடித்துத் தின்றபோது நீ வந்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டாயா? மாமா என்னை அத்தனை பேர் முன்னால் "டா" போட்டுப் பேசியபோது நீ சும்மாதானே நின்றாய்? அன்றைக்கு நீ ஒரு வார்த்தை அவரைக் கண்டித்திருந்தால் அந்தப் பேர் என் வாயில் வந்திருக்குமா?

என்னிடம் கைக்குழந்தை இருக்கிறது. நான் உள்ளே போனால் சினேகா என்ன செய்வாள்? மாமாவுக்கு எப்படியும் ஜாமீன் கிடைக்கும். வழக்கும் நிற்காது, வேறு சாட்சி இல்லை. கொஞ்ச நாள் பொறுத்துக்கொள். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு. உன் காலில் விழுகிறேன்.

எழில்

*

அடி அண்ணாமலை
10.6.2025

எழில்,

காலைல ஆட்டைப் பாத்திருக்க. மத்தியானம் பேரைச் சொல்லியிருக்க. நடுவுல அஞ்சு மணி நேரம். யோசிச்சு வெக்கலைனு இன்னொரு தடவை எழுதாத.

மார்ச்சுல நான் சும்மா நின்னேன், உண்மைதான். அது தப்பு. அந்தத் தப்புக்கு என்னை வந்து திட்டியிருக்கணும். ஒருத்தனை ஜெயிலுக்கு அனுப்பக் கூடாது.

கடிதத்தைக் கிழிக்கல. வக்கீலம்மா சாம்பவிகிட்டயும் இன்னும் குடுக்கல. உன் மேல எறக்கப்பட்டுனு நெனச்சுக்காத. நான் குடுத்தா, அக்கா என்னைப் புடிச்சுக் குடுத்துட்டானு காலம் பூரா சொல்லிக்கினு திரியுவ. அந்தச் சுகத்தை உனக்குக் குடுக்க மாட்டேன். நீயே போ. உன் கால்ல நடந்து போயி, உன் வாயால சொல்லு.

முதல்ல கோர்ட்டுக்கு இல்ல. வள்ளிகிட்ட. அவ ஊரு வாயில கேட்டுத் தெரிஞ்சுக்கக் கூடாது.

திங்கக்கிழமை வரைக்கும்தான் பொறுப்பேன். செவ்வாய் காலைல கடிதம் வக்கீல் கைக்குப் போயிடும்.

சினேகாவும் குழந்தையும் என்ன பண்ணுவாங்கனு கேட்டிருந்த. தென்றலும் நானும் இந்த நாப்பது நாளா என்ன பண்றோம்னு நீ ஒரு தடவை கேட்டியா? அதையே அவங்களும் பண்ணுவாங்க.

திரௌபதி

*

திருவண்ணாமலை
17.6.2025

அக்காவுக்கு,

இதை வக்கீலம்மா ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் நீதிபதி முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மரம், ஆடுகள், கோடு, நான் சொன்ன பொய். கையெழுத்துப் போட்டாயிற்று. மரத்தைப் பார்க்க ரேஞ்சர் ஐயா நாளைக்கு ஆட்களோடு ஏறுகிறார். மாமாவின் காதைப் பற்றி டாக்டர் எழுதியதையும் வக்கீலம்மா சேர்த்துவிட்டார். இந்த வாரமே ஜாமீன் கிடைத்துவிடும் என்கிறார். என் மேல் பொய்ச் சாட்சிக்கும், அறிவுச்செல்வன் சாவுக்கும் வழக்கு வரும். நாளையோ மறுநாளோ வந்து கூட்டிப்போவார்கள்.

வள்ளியிடம் ஞாயிற்றுக்கிழமை போனேன். நீ சொன்னாய் என்று போகவில்லை. நீ சொல்லாவிட்டால் போயிருக்கவும் மாட்டேன். இரண்டும் உண்மை.

வாசலில் மல்லாட்டை ஓட்டை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணா" என்று எழுந்து நாற்காலி போட்டாள். உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். தீ இடியால் வந்தது, பலராமன் மாமா வைக்கவில்லை, நான் பொய் சொன்னேன், கோடு நான் வெட்டாமல் விட்டது. அவள் உரிப்பதை நிறுத்தவே இல்லை. காதில் விழவில்லையோ என்று நினைத்தேன். பிறகு கேட்டாள்.

"அவரு உங்களைக் கேட்டாரா?"

"என்னா கேட்டானா?"

"அவரு எறங்கறதுக்கு முன்னாடி. கோடு இருக்குதானு கேட்டாரா?"

உனக்கு எழுதிய கடிதத்தில் நான் இதை எழுதவில்லை அக்கா. எழுதக் கை வரவில்லை. அவன் கேட்டான். பாறை மடிப்பில் நின்று, தீயை அடிக்கக் கிளையை வெட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, "அண்ணா, கீழ கோடு இருக்குதில்ல? காத்து திரும்பினா நான் அங்கதான் வந்து நிப்பேன்" என்று கேட்டான். பின்னால் ஏழு பேர் நின்றார்கள். அவர்கள் எதிரில் இல்லை என்று சொல்ல முடியவில்லை. "இருக்குது, போ" என்றேன். காற்று திரும்பாது என்று நினைத்தேன். கால் மணி நேரத்தில் திரும்பியது. அவன் கோட்டைத் தேடித்தான் ஓடினான்.

வள்ளியிடம் அதையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. அடிக்கவில்லை. உள்ளே போனாள். குழுவில் கொடுத்த அவனுடைய பூட்ஸைக் கொண்டுவந்து என் காலுக்கு முன்னால் வைத்தாள். "இது உங்களுது. எடுத்துக்கினு போங்க" என்றாள். நான் எடுத்துக்கொண்டேன். தெரு முனை வரைக்கும் வந்த பிறகுதான் அவள் கத்துவது கேட்டது. திரும்பிப் போக எனக்குத் தைரியமில்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீ கொடுக்க மாட்டாய், எனக்குத் தெரியும். கொடுத்தால் அது எனக்குப் பிடிக்காது.

சினேகாவை மட்டும் யாரும் எதுவும் சொல்லாமல் பார்த்துக்கொள். அவளுக்கு எதுவும் தெரியாது.

எழில்

*

அடி அண்ணாமலை
19.8.2025

எழிலுக்கு,

ஜெயிலுக்கு வர்ற கடிதத்தைப் பிரிச்சுப் படிச்சுட்டுதான் குடுப்பாங்களாம். படிக்கட்டும். இதுல மறைக்க ஒண்ணும் இல்ல.

ரெண்டு மாசமா எழுதல. எழுத எனக்கு ஒண்ணும் இல்ல. உன் மேல இருந்த கோபம் கம்மியாயிடுச்சுனு நெனச்சுக்காத. 'இருக்குது, போ'னு நீ எழுதினதைப் படிச்ச அன்னைலேர்ந்து ஜாஸ்திதான் ஆயிருக்குது. வீட்டுக்காரர் மேல நீ சொன்ன பொய்யைக்கூட ஒரு நாள் மறப்பேன். அந்த ரெண்டு வார்த்தைய மறக்க மாட்டேன்.

அவரு ஜூன் இருபத்தொண்ணாம் தேதி வந்தாரு. அவர் மேல இருந்த வழக்கைப் போன வாரம் எடுத்துட்டாங்க. இடது காது இனிமே வராது. வீட்டுல எல்லாரும் கத்திப் பேசறோம், சண்டை போடற குடும்பம்னு புதுசா வர்றவங்க நெனச்சுக்குவாங்க. ஆடு மேய்க்கப் போகல. மலையப் பாத்தாலே கண்ணைத் தாழ்த்திக்கறாரு.

வள்ளி ஒரு நாள் வந்தா. உள்ள வரல. அவர் எதுக்க நின்னு, 'அண்ணா, உங்களைத் தப்பா பேசிட்டேன்'னா. அவருக்குக் கேக்கல. 'என்னாம்மா?'னாரு. மறுபடியும் சொன்னா. மறுபடியும் கேக்கல. மூணாவது தடவை அவ கத்திச் சொல்லிட்டு அங்கயே உக்காந்து அழுதா. அப்பறம் நானும் அவளும் பேசிக்கறோம். அதிகம் இல்ல. குழாயடில அவ குடத்தை நான் தூக்கி வெக்கறேன், என் குடத்தை அவ தூக்கி வெக்கறா.

சினேகா நல்லா இருக்கா. பிள்ளை கவுந்துக்கிச்சு. ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை நான்தான் போயி பாத்துட்டு வரேன். உனக்காக இல்ல.

இப்ப எழுதறது வேற விஷயம். தென்றல் போன திங்கக்கிழமை பெரிய மனுஷி ஆயிட்டா. உனக்குச் சொல்லக் கூடாதுனுதான் இருந்தேன். ஆனா தாய்மாமனுக்குச் சொல்லி அனுப்பறது முறை, அந்த முறைய முறிச்சது நானா இருக்க வேணாம்னு எழுதறேன்.

பொண்ணை உக்கார வெக்கற பச்சை ஓலைக் குடிசை கட்ட தாய்மாமன் வேணுமே, எவனையாவது அந்த எடத்துல நிக்க வெக்கணும்னு பெரியவங்க எல்லாரும் உக்காந்து பேசினாங்க. என் பெரியம்மா பையன் பேரைச் சொன்னாங்க, சித்தப்பா பையன் பேரைச் சொன்னாங்க. 'நீ சொல்லு திரௌபதி, யாரைக் கூப்பிடலாம்?'னாங்க. எனக்கு எந்தப் பேரும் வாயில வரல. ஜெயில்ல இருக்கறவனை நெனச்சு ஏன் முழிச்சுக்கினு நிக்கறனு ஒருத்தி கேட்டா. நான் உன்னை நெனக்கல. யாரையும் நெனக்கல.

தென்றல் உள்ளேர்ந்து எல்லாத்தையும் கேட்டுக்கினு இருந்துச்சு.

அப்ப அவரு எழுந்தாரு. பேசினதுல எவ்ளோ கேட்டுதோ தெரியாது. வெளிய போயி தென்னை மட்டைய இழுத்துக்கினு வந்து, தோட்டத்து மூலைல குச்சி நட்டு, அவரே ஓலை கட்ட ஆரம்பிச்சுட்டாரு. பெத்த அப்பன் கட்டக் கூடாதுனு எல்லாரும் கூவினாங்க. கையப் புடிச்சாங்க. உதறிட்டுக் கட்டினாரு. கடைசிக் கயிறை இழுத்து முடிச்சு போட்டுட்டுத் திரும்பி, அவருக்கு இப்ப மெதுவா பேசவே வராது, தெருவுக்கே கேக்கற மாதிரி சொன்னாரு.

"இது எழிலோட வேலை. அவன் வர்ற வரைக்கும் நான் பாத்துக்கறேன்."



இது அவரு சொன்னது. அவரு மனசு அப்படி, நான் ஒண்ணும் பண்ண முடியாது. நடந்ததை நடந்த மாதிரி எழுதணும்னு எழுதியிருக்கேன். நான் சொன்னதா எடுத்துக்காத.

நான் இன்னும் சொல்லல.

திரௌபதி